வளைவில் நிதானம்

(மலைத் தோட்டப் பகுதி ஒன்றின் வளர்கல்வி மையத்தில், மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



முன்பெல்லாம் நம் லயத்தில் ஒரு வீட்டில் சைக்கிள் இருந்தாலே பெரிய விஷயம். இன்று வரிசைக்கு நாலைந்து மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பால் கொண்டு போகிறோம். காய்கறி ஏற்றி வருகிறோம். பிள்ளையைப் பள்ளியில் விடுகிறோம். காய்ச்சல் என்றால் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். வண்டி நமக்குக் கால் மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் நம் சாலை எப்படிப்பட்டது? மூணாறிலிருந்து போடிமெட்டு வரை போய்ப் பாருங்கள். நேரான சாலை எங்கே இருக்கிறது? ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. வயநாட்டுக்கு ஏறும் தாமரச்சேரி சுரத்தில் 9 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் வாழ்கிறவன் வளைவில்தான் வாழ வேண்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொன்ன கணக்கு இது. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. சம்பாதிக்கும் ஒருவர் விழுந்தால் அடுப்பு அணைந்து போகிறது.

அதற்காக வண்டி ஓட்டவே பயப்பட வேண்டுமா? வேண்டாம். வளைவில் பயப்படுகிறவர்களும் விழுகிறார்கள். பயமே இல்லாதவர்களும் விழுகிறார்கள். விஷயம் தெரிந்தவர் விழுவது குறைவு. அந்த விஷயத்தைத்தான் இன்று பேசப் போகிறோம்.

வளைவில் என்ன நடக்கிறது?

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றுங்கள். கல் வட்டமாகச் சுற்றும். கயிறு அறுந்தால் என்ன ஆகும்? கல் நேராகப் பறந்து போகும்.

வளைவில் நம் வண்டிதான் அந்தக் கல். கயிறு எது? டயருக்கும் சாலைக்கும் இருக்கும் பிடிமானம். ஒவ்வொரு டயரும் நம் உள்ளங்கை அளவுக்கும் குறைவான இடத்தில்தான் சாலையைத் தொடுகிறது. அந்தச் சின்ன இடம்தான் நம் உயிரைப் பிடித்திருக்கிறது. மணலில் ஏறினால் கயிறு நைந்துவிடும். டயர் மொட்டையாக இருந்தால் கயிறு நைந்துவிடும். வேகம் கூடினால் கயிற்றில் இழுப்பு கூடும்.

எவ்வளவு கூடும்? மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவைக் கடக்கிறீர்கள். அதே வளைவை 40-இல் கடந்தால் இழுப்பு இரண்டு மடங்கு என்று நினைப்போம். அப்படி இல்லை. நான்கு மடங்கு. 60-இல் போனால் ஒன்பது மடங்கு. "கொஞ்சம்தானே வேகம் கூட்டினேன்" என்று சொல்வது ஏன் தவறு என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். டயரின் பிடிமானம் நம் நாள் கூலி மாதிரி. இவ்வளவுதான் உண்டு. அதிலிருந்துதான் பிரேக்குக்கும் செலவு, வளைவதற்கும் செலவு. வளைவுக்குள் போய்ப் பிரேக்கை அழுத்தினால் கூலி முழுவதும் பிரேக்குக்கே போய்விடும். வளைவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வண்டி வழுக்கும். ஆகவே பிரேக் செலவை வளைவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

முதலில் வண்டியைப் படியுங்கள்

நீங்கள் எழுத்தும் எண்ணும் படிக்கக் கற்றவர்கள். வண்டியிலும் படிக்க வேண்டியவை இருக்கின்றன.

செயின் கவரிலோ அதன் பக்கத்திலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன் டயருக்கு எவ்வளவு காற்று, பின் டயருக்கு எவ்வளவு காற்று என்று அதில் எண் போட்டிருக்கும். தனியாகப் போனால் ஓர் எண். பின்னால் ஆள் இருந்தால் இன்னோர் எண். ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள். அந்த எண்ணைச் சொல்லிக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். "நல்லா இறுக்கமா அடி" என்று சொல்லாதீர்கள். காற்று குறைந்தால் வண்டி வளைவில் தள்ளாடும். காற்று அதிகமானால் பள்ளத்தில் துள்ளும், பிடிமானம் போகும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகாத நேரத்தில் காற்றுப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதற்கு நேராக, டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று தெரியும். டயர் பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டதா? டயரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையான டயரும் ஆபத்துதான். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வளைவில் சாய்க்கும்போது வண்டி தயங்கித் தயங்கிச் சாயும். புது டயர் போட்டாலும் முதல் 100 கிலோமீட்டர் மெதுவாகவே வளையுங்கள். புது ரப்பர் வழுக்கும்.

இனி, ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லுங்கள். முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க்கின் அடிப்பாகத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'கட கட' என்று ஆடினால் கோன் செட் தளர்ந்துவிட்டது. ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வந்ததும் சிக்கிக்கொள்வது போல் இருந்தால் கோன் செட் தேய்ந்துவிட்டது. பிறகு பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அதுவும் ஆடக்கூடாது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். செயின் தொளதொளவென்று தொங்குகிறதா பாருங்கள்.

"வளைவு வந்தாலே எனக்கு நடுக்கம்" என்று சொல்லிப் பலர் என்னிடம் வருவார்கள். பார்த்தால் நடுக்கம் மனிதரிடம் இருக்காது. வண்டியின் கோன் செட்டில் இருக்கும். சரி செய்து கொடுத்ததும் நடுக்கம் போய்விடும்.

கடைசியாக ஒன்று. கிளம்பும்போது சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டோமா என்று பாருங்கள். அது கீழே இருந்தால் முதல் இடது வளைவிலேயே தரையில் இடிக்கும். வண்டி தூக்கி எறியும்.

வளைவுக்கு முன்

வளைவுப் பலகை தெரிந்ததும் செய்ய வேண்டியவை மூன்று.

முதலில் ஆக்சிலேட்டரைக் குறைத்து, இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். "முன் பிரேக் பிடித்தால் கவிழ்த்துவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். வண்டி நேராக இருக்கும்போது மெதுவாகப் பிடித்தால் கவிழாது. வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். சடக்கென்று பிடிப்பதுதான் ஆபத்து.

அடுத்து, அந்த வேகத்துக்கு ஏற்ற கியருக்கு வாருங்கள். வளைவுக்குள் கியர் மாற்றாதீர்கள்.

பிறகு ஹாரன் அடியுங்கள். இரவு என்றால் விளக்கைத் தாழ்த்தி உயர்த்திக் காட்டுங்கள். எதிரே பஸ்ஸோ லாரியோ வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள். பெரிய வண்டிக்குக் கொண்டை ஊசி வளைவில் முழுச் சாலையும் வேண்டும். மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும். இது சட்டம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். முடிவு தெரியாத வளைவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் சரியான வேகம். சாலையின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒன்றாகச் சேருவது போல ஓர் இடம் தெரியும். அந்த இடம் உங்களை நோக்கி நெருங்கி வருகிறதா? வளைவு இறுகுகிறது. வேகத்தைக் குறையுங்கள். அந்த இடம் விலகிப் போகிறதா? வளைவு விரிகிறது. இனி மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுக்கலாம்.

வளைவுக்குள்

நம் நாட்டில் இடப்பக்கம் போகிறோம். ஆகவே இடது வளைவு வேறு, வலது வளைவு வேறு.

இடது வளைவில் வேகம் மீறினால் வண்டி நடுக்கோட்டைத் தாண்டும். எதிரே வரும் வண்டியில் போய் மோதும். வலது வளைவில் வேகம் மீறினால் வண்டி சாலையின் இடது ஓரத்தை விட்டு வெளியேறும். அங்கே சரளையும் பள்ளமும் இருக்கும். வலது வளைவில் இன்னும் ஒரு தவறு நடக்கும். குறுக்கு வழியாக நடுக்கோட்டை வெட்டிப் போவார்கள். சக்கரம் நம் பக்கம் இருந்தாலும், சாய்ந்த தலை எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே நடுக்கோட்டிலிருந்து எப்போதும் கை நீட்டும் தூரமாவது தள்ளிப் போங்கள்.

கண் எங்கே பார்க்கிறதோ, வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் பள்ளத்துக்கே போவோம். முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள். தலையைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.

தோளையும் முழங்கையையும் தளர்த்தி வையுங்கள். முழங்காலால் டாங்கை லேசாக அணைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் வண்டி தானாக நிமிர்ந்து செல்வதை நாமே தடுக்கிறோம். ஆக்சிலேட்டரை ஒரே சீராக வையுங்கள். கிளட்ச்சைப் பிடிக்காதீர்கள்.

ஹேண்டிலில் ஒரு ரகசியம்

விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1903-இல் விமானத்தில் பறந்தவர்கள். அதற்கு முன்பே அவர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். அண்ணன் வில்பர் ரைட் பல சைக்கிள்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் என்ன செய்வீர்கள்?" ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் சரியாகத்தான் ஓட்டினார்கள்!

சரியான விடை என்ன? இடப்பக்கம் வளைய வேண்டுமானால், முதலில் ஹேண்டில் ஒரு மயிரிழை அளவு வலப்பக்கம் திரும்புகிறது. உடனே வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் இடப்பக்கம் வளைகிறது.

ஆகவே ஓடுகிற வண்டியில் இடப்பக்கம் வளைய, இடது கைப்பிடியை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். வலப்பக்கம் வளைய, வலது கைப்பிடியை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். நாம் நினைப்பதற்கு எதிராகத் தோன்றும். ஆனால் ஆட்கள் நடக்கும் வேகத்தில் மட்டும்தான் ஹேண்டிலைத் திருப்பி வளைகிறோம். அதற்கு மேல் சாய்த்துத்தான் வளைகிறோம்.

இது தெரிந்தால் என்ன லாபம்? வளைவுக்குள் போன பிறகு, "ஐயோ, வேகம் அதிகம்" என்று மனம் பதறும். பதறாத காரியம் சிதறாது. அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரைச் சடக்கென்று விடாதீர்கள். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். உள்பக்கத்துக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். வண்டி இன்னும் சாயும், இன்னும் வளையும். காய்ந்த சாலை, நல்ல டயர் என்றால், நாம் நம்புவதைவிட அதிகமாக வண்டியால் சாய முடியும்.

இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் உருண்டு வருகிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள்.

கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி இல்லை. எல்லாச் சுமையும் பிரேக்கின் மேல். விடாமல் பிரேக் பிடித்தால் பிரேக் ஷூ சூடேறும். சூடேறினால் பிடிக்காது. கீழே கொண்டை ஊசி வளைவு காத்திருக்கும்.

மிச்சமும் பெரிதாக இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ. வண்டிகள். கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால், அவற்றில் பெட்ரோல் போவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எந்த கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள்.

மழையும் சாலையும்

முதல் மழைதான் அதிகம் வழுக்கும். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரில் மிதக்கும். நனைந்த இலை, சேறு, சாணம், லாரி சிந்திய டீசல், வெள்ளைக் கோடு, இரும்பு மூடி எல்லாமே வழுக்கும். இவற்றின் மேல் போக நேர்ந்தால் வண்டியை நிமிர்த்தி, பிரேக் இல்லாமல் கடந்து செல்லுங்கள். மழையில் வேகத்தைக் குறைத்து, சாய்வையும் குறையுங்கள். மூடுபனியில் பெரிய விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தி வைத்தால் பனிதான் வெள்ளையாகத் தெரியும், சாலை தெரியாது.

2019 ஏப்ரலிலிருந்து விற்கும் புது வண்டிகளில், 125 சிசிக்கு மேல் என்றால் ஏ.பி.எஸ். இருக்கும். அதற்குக் கீழே என்றால் சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ். இருக்கும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் ஏ.பி.எஸ். பார்த்துக்கொள்ளும். சி.பி.எஸ். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கும். நல்லதுதான். ஆனால் சாய்ந்த வண்டி பக்கவாட்டில் வழுக்குவதை இவை முழுவதும் தடுக்காது. அதை நம் நிதானம்தான் தடுக்க வேண்டும்.

பின்னால் உட்காருபவருக்கு

அம்மா, தங்கைகளே, இது உங்களுக்கும். வளைவில் வண்டி சாயும்போது எதிர்ப்பக்கம் சாயாதீர்கள். ஓட்டுபவரின் தோளுக்கு மேலாக, வளையும் பக்கத்தைப் பாருங்கள். உடம்பு தானாகச் சரியாக இருக்கும். ஒருபக்கமாக உட்காருவதைவிட, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது நல்லது. சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தின் பக்கம் இருக்கும் சேலைத் தடுப்பைக் கழற்றாதீர்கள்.

சுமையைத் தாழ்வாகக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எடையாக இருக்கட்டும். பால் கேன் பாதி நிறைந்திருந்தால், வளைவில் பால் ஒருபக்கமாக அலை மோதி வண்டியை ஆட்டும். கேனை நிறைத்துக் கட்டுங்கள். அல்லது இன்னும் மெதுவாகப் போங்கள்.

ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் வேண்டும். 2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்பே பறந்துவிடும்.

எட்டுப் போட்டுப் பழகுங்கள்

லைசென்ஸ் வாங்கும்போது எட்டுப் போடச் சொல்வார்கள். எட்டில் இடது வளைவும் உண்டு, வலது வளைவும் உண்டு. ஆகவே அது நல்ல பயிற்சி. லைசென்ஸ் வாங்கியதும் அதை மறந்துவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வாருங்கள். இரண்டு கல் வைத்து, மெதுவாக எட்டுப் போடுங்கள். அடுத்த கல்லைப் பாருங்கள், முன்சக்கரத்தைப் பார்க்காதீர்கள். நன்றாக வந்ததும், ஆள் இல்லாத நேரான இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் கைப்பிடியை லேசாகத் தள்ளிப் பாருங்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள். பிறகு தெரிந்த ஒரு வளைவை எடுத்துக்கொண்டு, மெதுவாகப் பலமுறை கடந்து பாருங்கள். வேகத்தைக் கூட்டுவது நோக்கம் அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கடப்பதுதான் நோக்கம்.

கேள்வியும் பதிலும்

ஓர் அம்மா கேட்டார்: "என் மகன் நன்றாகத்தான் ஓட்டுகிறான். கூட்டாளிகளோடு போனால் மட்டும் வேகமாகப் போகிறான். என்ன சொல்வது?"

பதில்: "அம்மா, முன்னால் போகிறவனின் டயரும் பிரேக்கும் வேறு, நம்முடையது வேறு. அவனுடைய வேகம் நம் வேகம் ஆகாது. வளைவில் பின்தங்கினால் அவமானம் இல்லை என்று சொல்லுங்கள். வளைவு முடிந்ததும் சேர்ந்துகொள்ளலாம். விழுந்துவிட்டால் சேர முடியாது."

ஒரு பெரியவர் கேட்டார்: "எனக்கு வயது 55. இப்போதுதான் வண்டி கற்கிறேன். முடியுமா தம்பி?"

பதில்: "எழுத்துக் கற்க வயது தடையாக இருந்ததா அய்யா? வண்டிக்கும் தடை இல்லை. முதலில் லைசென்ஸ். அவசரம் இல்லாமல் கற்பவர்தான் நன்றாகக் கற்பார்."

நினைவில் வையுங்கள்

1. வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள்.
2. வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.
3. வளைவுக்குள் பிரேக், கிளட்ச், கியர் வேண்டாம்.
4. நடுக்கோட்டைத் தொடாதீர்கள்.
5. இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்.
6. வாரம் ஒருமுறை காற்றும் டயரும் பாருங்கள்.
7. எல்லோருக்கும் ஹெல்மெட்.

நண்பர்களே, நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன், அந்தக் காற்று ஸ்டிக்கரைத் தேடிப் படியுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். மெதுவாகப் போய், பத்திரமாக வீடு சேருங்கள்.